காலணிப் பெட்டிக்குள் சூரியன் ஏன் இத்தனூண்டு தெரிகிறது?

கேள்வி, ஜனவரி 2

காலணிப் பெட்டியில் ஊசித்துளை போட்டு சூரியனைப் பார்க்கும் கருவி செய்தேன். மறுமுனையில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வெளிச்சப் பொட்டு விழுகிறது. அதில் என்னத்தைப் பார்ப்பது? துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். வெளிச்சம் கூடியது, பிம்பம் பெரிதாகவில்லை, ஓரம் மட்டும் மங்கிப் போனது. துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு தெளிவு என்கிறார்களே, இன்னும் சின்னதாகப் போட வேண்டுமா? தொலைநோக்கி இல்லாமல் சூரியப் புள்ளிகள் (சூரிய வட்டில் வந்துபோகும் கரும்புள்ளிகள்) தெரிகிற மாதிரி வீட்டிலேயே ஏதாவது செய்ய வழி உண்டா?

ஜனவரி 2, இரவு

துளையை விடுங்கள். பெட்டிதான் குட்டை.

பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பது துளைக்கும் திரைக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்தது. வானத்தில் சூரியன் அரை டிகிரிக்குச் சற்று மேல் அகலம். ஆகவே அந்தத் தூரத்தை 107ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம் கிடைத்துவிடும். 30 செ.மீ. பெட்டியில் 2.8 மி.மீ. நீங்கள் பார்த்தது சரியாக அதுதான், கருவியில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு மீட்டருக்கு 9.3 மி.மீ., இரண்டு மீட்டருக்கு 18.6, பத்து மீட்டருக்கு 93. உள்ளங்கை அளவு சூரியன் வேண்டுமென்றால் ஒரு கூடத்தின் நீளம் வேண்டும். பள்ளிச் செய்முறைப் பக்கங்கள் எல்லாம் காலணிப் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை. கிரகணத்தன்று கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு வடிவம் தெரியும். மற்ற நாட்களில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஜனவரி 3

‘துளை சின்னதானால் தெளிவு கூடும்’ என்பது ஓரளவுக்குத்தான் செல்லும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் விரிந்து பரவ ஆரம்பிக்கிறது. பாடப்புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று வருமே, அதுதான். துளை பெரிதானால் அந்த அகலத்துக்கு மங்கல், சிறிதானால் விளிம்பு விளைவால் மங்கல். நடுவில் ஓர் உகந்த அளவு இருக்கிறது. அது தூரத்தோடு மாறும். இயற்பியலாளர் ரேலியின் காலத்திலிருந்து புழங்கும் கணக்கைச் சுருக்கிச் சொன்னால்: தூரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.4ஆல் பெருக்குங்கள். வருவது துளையின் விட்டம், மில்லிமீட்டரில்.

30 செ.மீ.க்கு 0.8 மி.மீ. ஒரு மீட்டருக்கு 1.4. பத்து மீட்டருக்கு 4.4. ஆமாம், பத்து மீட்டர் தூரத்துக்கு ‘ஊசித்துளை’ என்பது பென்சிலின் கூர்முனை தாராளமாக நுழைகிற ஓட்டை. பலருக்கு இதை நம்ப மனம் வராது. ஊசியால் குத்தியதை வைத்துக்கொண்டு பத்து மீட்டருக்கு அப்பால் மங்கலாக ஏதோ ஆடுகிறது என்று சலித்துக்கொள்வார்கள்.

1.4 என்பதைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சிலர் இன்னும் சிறிய எண்ணைச் சொல்வார்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஜனவரி 3, சற்றுப் பிறகு

ஒருவர் கேட்கிறார்: “ஊசித்துளை வழியாகவே சூரியனைப் பார்த்தால் என்ன? துளை சின்னதுதானே.”

கூடாது. வெயிலில் கண்பாவை சுருங்கி இரண்டு மி.மீ. அளவில் நிற்கும். ஒரு மி.மீ. துளை அதில் நாலில் ஒரு பங்கு. அதாவது சூரிய வெளிச்சத்தில் கால்வாசி நேராக விழித்திரைக்குப் போகிறது. பாதுகாப்பான கிரகணக் கண்ணாடி (ஐஎஸ்ஓ 12312-2 தரம்) விடுவது அதிகபட்சம் 0.0032 சதவீதம். கால்வாசி எங்கே, அது எங்கே.

பாத்திரத்துத் தண்ணீரில் பிம்பம் பார்ப்பதும் இதே கதை. உச்சி வெயிலில் தண்ணீர் சுமார் 2 சதவீதம் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி அனுமதிக்கும் அளவைப்போல் அறுநூறு மடங்குக்கும் மேல். சூரியன் சாய்ந்திருந்தால் இன்னும் அதிகம். எக்ஸ்ரே படச்சுருள், குறுந்தகடு, புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம். பார்க்க இருட்டாக இருப்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு தாராளமாக உள்ளே வரும். விழித்திரைக்கு வலி தெரியாது. சேதம் நடக்கும்போது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறை தெரிய ஆரம்பிக்கும்.

இந்த இழையில் சொல்கிற எல்லாக் கருவியிலும் ஒரே விதி: முதுகு சூரியனுக்கு, கண் திரைக்கு.

ஜனவரி 5

குழல் செய்ய விரும்புகிறவர்களுக்கு. துணியும் தரைவிரிப்பும் சுற்றி வரும் நீள அட்டைக் குழல் இரண்டு மீட்டர் அளவில் கிடைத்தால் நல்லது. மேல்முனையை அட்டையால் மூடி, நடுவில் சின்னச் சதுரம் வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி அதில் துளை போட வேண்டும். இரண்டு மீட்டருக்கு 2 மி.மீ. துளை. அட்டையிலேயே நேராகக் குத்தினால் ஓரத்தில் நார் நிற்கும், தடிமனும் இடைஞ்சல். அலுமினியத் தாள் கிழிந்துகொண்டே இருந்தால் குளிர்பானத் தகர டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஆணியால் குத்தி, பின்பக்கம் எழும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். துளையின் அளவு சந்தேகமாக இருந்தால் அளவுகோலின் மேல் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கீழ்முனையில் வெள்ளைத் தாள். அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு சன்னல் வெட்டி, அதன் வழியே உள்ளே பார்க்க வேண்டும். டிரேசிங் தாளை அடியில் ஒட்டிப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. பிம்பம் நன்றாகத்தான் தெரியும், ஆனால் முகம் சூரியனை நோக்கி இருக்கும். குழந்தை குழலைத் தாண்டி எட்டிப் பார்க்கும். பக்கச் சன்னலே மேல்.

குறிபார்க்க சூரியனைத் தேட வேண்டாம். தரையில் விழும் குழலின் நிழலைப் பாருங்கள். அது சுருங்கிச் சுருங்கி வெறும் வட்டமாகும்போது குழல் சூரியனை நோக்கி இருக்கிறது.

ஜனவரி 11

குழல் பற்றி இவ்வளவு எழுதியாயிற்று, ஆனால் நான் அதை மூலையில் சாத்திவிட்டேன். இரண்டு மீட்டரில் பிம்பம் 18 மி.மீ., மங்கல் 2 மி.மீ. அதாவது வட்டின் குறுக்கே ஒன்பது அடையாளங்களுக்கு மேல் பிரித்தறிய முடியாது. சூரியப் புள்ளி அதில் சிக்காது. தூரம் கூடக் கூட இந்த எண்ணிக்கை கூடும், ஆனால் மெதுவாக: பத்து மீட்டரில் 21, இருபது மீட்டரில் 30. இருபது மீட்டர் குழலை யார் தூக்கி நிறுத்துவது?

தூக்க வேண்டாம். கண்ணாடி போதும்.

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று. அதன்மேல் நடுவில் வட்ட ஓட்டை போட்ட கறுப்புத் தாளை ஒட்டுங்கள். வெயிலில் வைத்து, சன்னல் அல்லது கதவு வழியே வீட்டுக்குள் இருட்டான சுவருக்குத் திருப்புங்கள். அவ்வளவுதான் கருவி. ஓட்டைதான் ஊசித்துளை, நடுவிலுள்ள வெற்றிடம்தான் குழல். தாளில் துளையிடும் அலுவலகக் கருவி போடுவது 6 மி.மீ. ஓட்டை. கணக்குப்படி அது 18 மீட்டருக்குச் சரியான அளவு, யாரோ நமக்காகவே செய்து வைத்த மாதிரி. 18 மீட்டரில் சூரியன் 168 மி.மீ., ஒரு சின்னத் தட்டு அளவு.

முதல் தடவை சுவரில் அந்த வட்டம் வந்து நின்றபோது வீட்டில் ஒருவர் ‘விளக்கை அணை’ என்றார்.

அறை இருட்டாக இருக்க வேண்டும். பத்து மீட்டரில் 5 மி.மீ. ஓட்டை என்றால் நேரடி வெயிலில் ஏறக்குறைய 350இல் ஒரு பங்குதான் சுவரில் விழுகிறது. இருட்டறைக்கு அது தாராளம். திரைச்சீலை இல்லாத கூடத்தில் காணாமல் போகும். கண்ணாடி வழி வரும் ஒளிக்கற்றைக்குள் யாரும் தலையை நீட்டக் கூடாது. கற்றை தலைக்கு மேலே போகிற மாதிரி வையுங்கள், தெருவில் போகிறவர் முகத்தில் அடிக்காமலும் பாருங்கள்.

ஜனவரி 12

கண்ணாடியை எதில் நிறுத்துவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ரப்பர் பந்தின் மேல் கண்ணாடியை ஒட்டி, பந்தை ஒட்டுநாடாச் சுருளின் வளையத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பக்கமும் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். கையில் பிடிப்பது நடக்காத காரியம். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் கற்றை இரண்டு டிகிரி சாயும், 18 மீட்டரில் அது 60 செ.மீ.க்கு மேல். விரல் நடுங்கினாலே சூரியன் சுவரை விட்டு ஓடிவிடும்.

ஓட்டை வட்டமாகவே இருக்க வேண்டுமா? கட்டாயமில்லை. சதுரமானாலும் முக்கோணமானாலும் தூரத்தில் விழுவது வட்டம்தான், ஏனென்றால் விழுவது சூரியனின் உருவம். இலை இடுக்குகள் எந்தக் கோணலில் இருந்தாலும் மர நிழலில் வட்ட வட்டமாக வெளிச்சம் கிடப்பதும் இதனால்தான். சதுர ஓட்டை வழி வரும் வெயில் ஏன் வட்டமாகிறது என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய தொகுப்பிலேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் கிரகணப் பிம்பத்தின் வடிவத்தைப் பற்றித் தனியாகவே எழுதினார். கிரகணத்தன்று மரத்தடியைப் பாருங்கள், தரை முழுக்கப் பிறைகள்.

ஜனவரி 19

“ஒரு கரும்புள்ளி தெரிகிறது, சூரியப் புள்ளியா, சுவரில் அழுக்கா?”

எங்கள் வீட்டில் தெரிந்த முதல் புள்ளிக்கு ஆறு கால் இருந்தது, கொஞ்ச நேரத்தில் பறந்தும் போனது.

சோதிப்பது சுலபம். சுவரில் நேராகப் பார்க்காமல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தாளோடு ஆடினால் தாளில் இருக்கும் கறை. சூரிய வட்டோடு சேர்ந்து நகர்ந்தால் சூரியனில் இருப்பது. ஆட்டுவதில் இன்னொரு லாபம், தாளின் சொரசொரப்பு கண்ணிலிருந்து மறைந்து மங்கலான புள்ளி எழுந்து வரும். எல்லா நாளும் எதிர்பார்க்காதீர்கள். பூமி சூரிய விட்டத்தில் 109இல் ஒரு பங்கு. இந்தக் கண்ணாடியில் தெரிய வேண்டுமென்றால் மூன்று நான்கு பூமி அகலமாவது இருக்கும் புள்ளி வேண்டும். புள்ளிகள் கூடிக் குறையும் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் உச்சப் பக்கம் அப்படிப்பட்டவை அடிக்கடி வரும், அடிமட்டத்தில் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது.

தெரிந்தால் தாளில் வட்டம் வரைந்து குறித்து வையுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும். நம் பார்வையில் சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாள். ஆகவே ஒரு புள்ளி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. மேகம் இடையில் வரும், அதற்குள் புள்ளியே கரைந்தும் போகலாம். புள்ளி இல்லாத நாளிலும் ஒன்றைக் கவனிக்கலாம்: வட்டின் நடுப்பகுதியைவிட ஓரம் மங்கல். ஓட்டையால் வரும் மங்கல் விளிம்பில் மட்டும்தான், இது உள்ளேயே படிப்படியாக இறங்கும். ஓரத்தில் நம் பார்வை சூரியனின் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது, அங்கே வெப்பம் குறைவு.

பிப்ரவரி 2

இழை திசை மாறினாலும் பரவாயில்லை, வானியலாளர் கெப்ளரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1607 மே மாதம் பிராகில், இடுக்கு வழி விழுந்த சூரியப் பிம்பத்தில் ஒரு சிறு கரும்புள்ளியைக் கண்டார். புதன் கோள் சூரியனைக் கடக்கிறது என்று முடிவு கட்டி 1609இல் அச்சிலும் வெளியிட்டார். அது சூரியப் புள்ளி என்பது தொலைநோக்கி வந்து மற்றவர்கள் புள்ளிகளைக் கண்ட பிறகுதான் அவருக்குத் தெளிந்தது. தொலைநோக்கி இல்லாமல், நாம் கண்ணாடியை வைத்துச் செய்வதையே அவர் செய்திருக்கிறார்!

மேலே போட்ட எண்களை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். கடக்கும்போது புதன் சூரிய விட்டத்தில் சுமார் 160இல் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. இருபது மீட்டர் ஊசித்துளையே 30இல் ஒரு பங்குவரைதான் காட்டும். 1631 நவம்பர் 7 அன்று பிரெஞ்சு வானியலாளர் காசெந்தி உண்மையான புதன் கடப்பைத் தொலைநோக்கியால் திரையில் விழவைத்துப் பார்த்தபோது, அது இவ்வளவு சின்னதா என்று திகைத்தார். வெள்ளி வேறு, அது 32இல் ஒரு பங்கு. நீளமான கூடம் இருந்தால் கண்ணாடிக்கே அகப்படும் எல்லையில் இருக்கிறது. அடுத்த வெள்ளிக் கடப்பு 2117இல். யாராவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 8

“பிம்பம் நிற்கவே மாட்டேன் என்கிறது, கண்ணாடி வழுக்குகிறதா?”

வழுக்குவது பூமி. அசையாத கண்ணாடியில் பிம்பம் தன் விட்டத்தளவு நகர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கண்ணாடி என்பதால் இரட்டிப்பு வேகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடியைத் திருப்பினால்தான் இரட்டிப்பு. சூரியன் நகர்ந்தால் கற்றையும் அதே கோணம்தான் நகரும்.

சுவரில் ஒரு கோடு போட்டு, வட்டின் முன்விளிம்பு தொட்டதிலிருந்து பின்விளிம்பு நீங்குவதுவரை நேரம் பாருங்கள். பிம்பம் போகும் திசைக்குக் குறுக்காகக் கோடு இருக்க வேண்டும்.

மார்ச் 21

இன்று அதே கோட்டில் 2 நிமிடம் 10 நொடி. சம இரவு நாளில் கணக்கு 2 நிமிடம் 8 நொடி. விளிம்பு மங்கல் என்பதால் இரண்டு மூன்று நொடி முன்பின் போகத்தான் செய்யும். டிசம்பர் இறுதியில் கணக்கு 2 நிமிடம் 22 நொடி, ஜூனில் 2 நிமிடம் 17 நொடி. வானத்தின் நடுக்கோட்டை விட்டு விலகி இருக்கும்போது சூரியன் சின்ன வட்டத்தில் சுற்றுவதால் வரும் தாமதம் இது. கண்ணாடித் துண்டும் நிறுத்துக்கடிகாரமும் வைத்துக்கொண்டு பருவத்தையே அளக்கலாம் என்பது எனக்குப் புள்ளிகளைவிடப் பிடித்துப்போனது.

ஏப்ரல் 14

தெளிவு இன்னும் வேண்டும் என்று நச்சரிப்பவர்களுக்கு: மூக்குக்கண்ணாடி வில்லை. வாசிப்புக் கண்ணாடியின் +2 வேண்டாம், குவியத்தூரம் அரை மீட்டர்தான். +0.5 டயாப்டர் (வில்லையின் திறனைக் குறிக்கும் அலகு) வில்லை கேளுங்கள், குவியத்தூரம் இரண்டு மீட்டர். அதன்மேல் 1 செ.மீ. வட்ட ஓட்டையுள்ள அட்டையை மூடி, ஜனவரியில் மூலையில் சாத்திய குழலின் மேல்முனையில் துளைக்குப் பதிலாகப் பொருத்துங்கள். பிம்பம் அதே 18.6 மி.மீ., ஆனால் வட்டின் குறுக்கே ஒன்பது அடையாளம் பிரித்த இடத்தில் நூறுக்கும் மேல். நடுத்தரப் புள்ளிகளும் தெரியும். குவியத்தைத் தேடி அவஸ்தைப்பட வேண்டாம், திரை நாலு செ.மீ. முன்பின் இருந்தாலும் வித்தியாசம் தெரியாது.

அந்த மூடியைக் கழற்றக் கூடாது. 1 செ.மீ. ஓட்டையில் திரையில் விழுவது நேரடி வெயிலில் 30 சதவீதத்துக்கும் குறைவு. மூடி இல்லாமல் 6 செ.மீ. வில்லை முழுதும் திறந்திருந்தால் வெயிலைப்போல் பத்து மடங்கு. கழன்று விழாதபடி ஒட்டியே விடுங்கள். குழலின் பக்கச் சன்னலில் தலையை விட்டு மேலே பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

திரையில் விழவைத்துப் பார்ப்பதை ஏழைகளின் வழி என்று யாராவது சொன்னால் ஆங்கிலேய வானியலாளர் காரிங்டனைச் சொல்லுங்கள். 1859 செப்டம்பர் 1 அன்று அவர் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தது தொலைநோக்கி திரையில் விழவைத்த பிம்பத்தில்தான். அதில் திடீரென்று வெண்ணிறப் பிழம்பு எழுந்தது. ஒரு நாள் முடிவதற்குள் பூமியில் காந்தப் புயல்.

ஜூலை 5

ஜனவரி 4 அன்று, 15 மீட்டரில் 5.5 மி.மீ. ஓட்டை வைத்து, தாளில் வட்டின் விளிம்பைக் குறித்து வைத்திருந்தேன். இன்று கண்ணாடியும் தாளும் அதே இடத்தில், அதே ஓட்டை. இன்றைய வட்டம் ஜனவரி வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. விட்டத்தில் வித்தியாசம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே மி.மீ. கணக்கு 4.6 என்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில். பிம்பத்தில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் வர வேண்டும்.

விளிம்பே ஐந்து மி.மீ. மங்கல், அதில் எப்படி நாலு மி.மீ. அளப்பது என்று கேட்பீர்கள். இரண்டு நாளும் மங்கல் ஒரே அளவு, வெளிச்சம் பாதியாகக் குறைகிற இடத்தைத்தான் இரண்டு தடவையும் குறித்தேன். தூரத்தில் 15 செ.மீ. தவறினால் 1 சதவீதம் போய்விடும், ஆகவே தரையில் குறி போட்டு வைப்பது அவசியம். தாள் கற்றைக்குச் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் வட்டம் முட்டையாகும். அப்படி ஆனால் குறுகிய விட்டத்தை மட்டும் எடுங்கள்.

இதை 1650களிலேயே பெரிய அளவில் செய்தவர் வானியலாளர் காசினி. இத்தாலியில் பொலோஞ்யா நகரின் சான் பெத்ரோனியோ தேவாலயக் கூரையில், தரையிலிருந்து 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை. தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. 1655இல் அமைத்தார். வருடம் முழுக்க அந்தக் கோட்டின் மேல் விழும் சூரியனின் விட்டத்தை அளந்து, தூரம் மாறும் விதத்தில் கெப்ளரின் கணக்கே பொருந்துகிறது என்று காட்டினார். கருவி கட்டடமே.

ஜூலை 6

கைபேசியில் படம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு: திரையைப் படம் எடுங்கள், சூரியனை அல்ல. கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டி வட்டத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். வட்டத்தின்மேல் விரலால் தொட்டு வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிடுங்கள். சாய்வாக எடுக்க நேர்ந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலும் படத்தில் இருக்கட்டும். ஜனவரிப் படத்தையும் ஜூலைப் படத்தையும் கேட்டவருக்கு: நான் தாளில்தான் குறித்தேன், படம் எடுக்கவில்லை. அடுத்த ஜனவரியில் எடுத்துப் போடுகிறேன், அன்று மேகம் இல்லையென்றால்.